நினைவில் சுமக்கும் வேலை

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி, இரண்டு பிள்ளைகளின் தாய், இவ்வாறு கேட்டிருக்கிறார்: “பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுச் சற்று உட்கார்ந்தாலும் மனம் அடங்க மாட்டேன் என்கிறது. மாவு அரைக்க வேண்டும், மூத்தவனுக்குக் கட்டணம் கட்ட வேண்டும், ஆச்சிக்கு மாத்திரை வாங்க வேண்டும் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போதும் களைப்பாக இருக்கிறதே, ஏன்?”

அவர் வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கவில்லை என்பதுதான் இதற்கான பதில். இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் அவற்றுக்குச் செலவிட்டார்கள். சமைப்பது, துவைப்பது, பெருக்குவது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலைகள்; அவற்றை நிமிடத்தில் எண்ணிவிடலாம். ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போதே இனிச் செய்ய வேண்டிய பத்தை மறந்துவிடாமல் வைத்திருப்பதும் வேலைதான் என்றாலும், அதை எந்தக் கணக்கெடுப்பிலும் பிடிப்பது கடினம்.

நடப்பு வேலைக்காக மனம் ஒரே நேரத்தில் கைவசம் வைத்திருக்கக்கூடிய செய்திகள் மிகக் குறைவு. 1956இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் ஏறத்தாழ ஏழு என்றார். 2001இல் நெல்சன் கோவன் ஏறத்தாழ நான்குதான் என்று வாதிட்டார். எந்த எண்ணை ஏற்றாலும், ஒரு தாயின் காலை நேரத்துக்கு அது போதாது. இது பலருக்கும் தெரிந்த செய்தி என்பதால் இதை விட்டுவிட்டு, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

நடந்து முடிந்ததை நினைவுகூர்வது ஒரு வகை நினைவு. இனிமேல் செய்ய வேண்டியதை உரிய வேளையில் தானாக நினைவுகூர்வது வேறொரு வகை நினைவு. இரண்டாவதை வருங்கால நினைவு என்று சொல்லலாம். 1990இல் கில்ஸ் ஐன்ஸ்டைன், மார்க் மெக்டேனியல் என்னும் இரு உளவியலாளர்கள் அதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். ‘பதினொரு மணிக்கு மாத்திரை கொடுக்க வேண்டும்’ என்பது நேரத்தைப் பற்றிய நினைவு. ‘ஆச்சி சாப்பிட்டுக் கை கழுவியதும் மாத்திரை கொடுக்க வேண்டும்’ என்பது நிகழ்வைப் பற்றிய நினைவு. காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. மூளைக்கு அவை ஒன்றல்ல.

பதினொரு மணி என்பது வாசலில் வந்து நின்று கூப்பிடுவதில்லை. அது வந்துவிட்டதா என்று நாமேதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் பெண் நடுநடுவே கடிகாரத்தை ஏறிட்டுப் பார்ப்பதும், பார்க்காத இடைவெளியில் ‘நேரம் ஆகிவிட்டதோ’ என்று பதறுவதும், நெற்றிக்கு நேர் பின்னே உள்ள முன்மூளைப் பகுதி விடாமல் செய்யும் காவல் வேலையின் விளைவே. நிகழ்வுக்கு இந்தக் காவல் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆச்சி கை கழுவும் ஓசையையும் மாத்திரையையும் முன்கூட்டியே மனத்தில் சேர்த்துவைத்திருந்தால், ஓசை கேட்டதும் மாத்திரை தானாக நினைவுக்கு வந்துவிடுகிறது. இரண்டு செய்திகளைக் கோத்துவைத்து, ஒன்றைக் கண்டதும் மற்றதை வெளியே கொண்டுவருவது மூளையின் உட்பகுதியில் உள்ள ஹிப்போகேம்பஸ் என்னும் உறுப்பின் இயல்பு. அதுவரைக்கும் மனம் வேறு எதிலும் முழுதாக ஈடுபட்டிருக்கலாம் என்பதுதான் இதில் நான் வியந்து நிற்கும் இடம். நினைவில் வைத்திருக்கும் பொறுப்பில் பாதியை நாம் வெளியுலகத்தின் கையில் கொடுத்துவிடுகிறோம்.

காவலுக்கு விலை உண்டு என்பதை ரெபெக்கா ஸ்மித் 2003இல் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். திரையில் தோன்றும் எழுத்துக்கோவை உண்மையான சொல்தானா என்று தீர்மானிப்பது மட்டும் ஒரு குழுவினருக்கு வேலை. மற்றொரு குழுவினர் அதைச் செய்துகொண்டே, சில குறிப்பிட்ட சொற்கள் வந்தால் ஒரு விசையை அழுத்தவும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்தச் சொற்கள் வராத நேரத்திலும் இரண்டாம் குழுவினர் மெதுவாகவே செயல்பட்டார்கள். நம் வாசகியின் களைப்புக்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது. அந்தச் சொற்கள் வருவதும் நிகழ்வுதான்; ஆனால் தானாக நினைவூட்டாமல், தேடிக் காவலிருக்க வைத்த நிகழ்வு.

ஆகவே நிகழ்வைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எப்படியும் நம் கண்ணிலோ காதிலோ பட்டே தீரும் நிகழ்வாக, அந்த நேரத்தில் கை ஒழிவாகவும் இருக்கும் நிகழ்வாக அது இருக்க வேண்டும். குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வரும் சத்தம், பள்ளி வேன் தெருமுனையில் திரும்புவது, குக்கரின் கடைசி விசிலுக்குப் பின் அடுப்பை அணைப்பது ஆகியவை நல்ல நிகழ்வுகள். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றும் தாய்மாருக்கு விரல்கள் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்; மனம் சும்மா இருப்பதால் செய்ய வேண்டியவை எல்லாம் அதில் சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு கட்டைக் கட்டி முடித்துக் கீழே வைக்கும் கணத்தில் கையும் கண்ணும் ஒருசேர நிற்கின்றன. அடுத்த வேலையைக் கோத்துவைப்பதற்கு அந்தக் கணம் ஏற்றது. ‘சாயங்காலம் ஒழிந்தால் பார்க்கலாம்’ என்பதில் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று இரண்டு பக்கமும் திட்டமாகச் சொல்லிக்கொள்வதன் பலனைப் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து பல ஆய்வுகளில் நிறுவியிருக்கிறார்.

இது மன அமைதியையும் தருமா என்றால், தருகிறது. முடியாமல் பாதியில் நிற்கும் வேலை மனத்தை அரித்துக்கொண்டே இருக்கும் என்று பெர்லினில் புளூமா ஸைகார்னிக் 1927இல் எழுதினார்; முடியாத வேலை கூடுதலாக நினைவில் நிற்கும் என்ற அவருடைய முடிவு பின்னர் செய்த எல்லோருக்கும் அப்படியே கிடைக்கவில்லை. ஆனால் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒரு முக்கியமான படி முன்னே சென்றது. முடியாத வேலையின் நினைப்பு, படித்துக்கொண்டிருப்பவரின் கவனத்தைக் கலைத்தது. அதே வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் வகுத்துக்கொண்டதும், வேலை முடியாமலே இருந்தும், அந்தக் குறுக்கீடு மறைந்தது. 2018இல் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 57 இளைஞர்களைப் படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாக உறங்கினார்கள்; விவரமாக எழுதியவர்கள் இன்னும் விரைவில் உறங்கினார்கள். பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கமே இதற்குப் போதும்.

இந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் அயல்நாட்டுக் கல்லூரி மாணவர்கள். கைக்குழந்தையும் மாமியாரும் பீடிச் சுளவும் ஒருங்கே உள்ள வீட்டில் வருங்கால நினைவு எப்படி இயங்குகிறது என்பதை நம் பல்கலைக்கழகங்கள் ஆராய வேண்டும். பெரிய கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய ஆய்வு இது. இதற்குச் சிறு நிதியாவது ஒதுக்குவது அரசின் கடமை என்று கருதுகிறேன். மறதியும் படபடப்பும் மிகுந்த பெண்ணுக்குக் கண்ணேறு பட்டுவிட்டது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மந்திரித்துக் கயிறு கட்டும் வழக்கம் நம் பகுதியில் இன்னும் இருக்கிறது. பாசத்தினால் செய்வதுதான் என்றாலும், கயிறு கட்டியவர்கள் அவளுடைய வேலையில் ஒன்றைக்கூடக் குறைப்பதில்லை என்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. பிள்ளை பெற்ற பிறகு உறக்கமின்மையும் அழுகையும் வாரக்கணக்கில் நீடித்தால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நோய். டெலி மானஸ் என்னும் அரசு மனநலச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஒரு பெண் தன் நினைவைத் திறமையாகக் கையாள்வதற்கும் ஓர் எல்லை உண்டு. சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019இல் வெளியிட்ட ஆய்வுக்காக அமெரிக்காவில் 35 தம்பதிகளிடம் பேசினார். வீட்டில் ஒரு முடிவு எடுக்கும்போது கணவரும் சேர்ந்துகொண்டார். ஆனால் தேவை வரப்போகிறது என்று முன்னறிவதும், சொன்னது நடந்ததா என்று பின்தொடர்வதும் பெரும்பாலும் மனைவியிடமே இருந்தன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணத்தைக் கணவர் கட்டுகிறார், ஆனால் கட்டச் சொல்லி நினைவூட்டுவது மனைவி என்றால், கட்டும் வேலைதான் கைமாறியிருக்கிறது. காவல் வேலை கைமாறவில்லை. கடைசி நாள் எது என்று பார்ப்பது முதல் ரசீதை எடுத்துவைப்பது வரை முழுவதையும் அவரிடம் விட்டுவிட வேண்டும். தொடக்கத்தில் ஓரிரு முறை தவறலாம்; அந்த அபராதத்தைப் பொறுத்துக்கொண்டு, நினைவூட்டாமல் இருங்கள்.