விரும்பித்தானே வாங்குகிறார்கள்?

"சிகரெட் பிடிப்பவர் தானாக விரும்பித்தானே வாங்குகிறார், அதை விற்பது எப்படிச் சுரண்டலாகும்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த விருப்பம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

புகையை உள்ளே இழுத்த 10, 20 நொடிகளில் நிகோட்டின் மூளைக்குப் போய்விடும். அங்கே நரம்பு செல்களிடையே சேதி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வந்து அமர வேண்டிய இடங்களில், அதாவது ஏற்பிகளில், ஒட்டிக்கொள்ளும், இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் சுரக்கும், சுகமாக இருக்கும். சரி, இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

அப்புறம் நடப்பதுதான் என்னை அசர வைக்கிறது. அசிட்டைல்கோலின் தன் வேலையை முடித்ததுமே ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். நிகோட்டினிடம் அந்த நொதியின் ஜம்பம் பலிக்காது. அது மணிக்கணக்கில் தங்கிவிடுவதால் ஏற்பிகள் மரத்துப்போகின்றன. ஒரு மருந்து இப்படி ஓயாமல் தூண்டினால் நரம்பு செல் பொதுவாக ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். நிகோட்டின் விஷயத்திலோ அவற்றின் எண்ணிக்கை கூடுகிறது! இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோதும், உயிரோடு இருப்பவர்களின் மூளையைப் படம் எடுத்தபோதும் இது தெரியவந்தது.

ரத்தத்தில் நிகோட்டின் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். விடிவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கூடுதலாகச் சேர்ந்த ஏற்பிகள் மரமரப்பு நீங்கி, காலியாக நிற்கும். எரிச்சல், பதற்றம், எதிலும் மனம் ஒட்டாமை. காலையில் டீயோடு பிடிக்கும் முதல் சிகரெட் அத்தனை இதமாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். நேற்றைய சிகரெட் கிளப்பிவிட்ட எரிச்சலை இன்றைய சிகரெட் அடக்குகிறது. கண்விழித்து எத்தனை நிமிடத்தில் பற்றவைக்கிறீர்கள் என்று மருத்துவர்கள் கேட்பதும் அதனால்தான்.

ஆக, சரக்கே தனக்கான தேவையை உண்டாக்கிக்கொள்கிறது. உற்பத்தியாளர்களுக்கு இது தெரியாததல்ல. நிகோட்டின் அடிமைப்படுத்தும் பொருள், அதை விற்பதே நம் தொழில் என்று அமெரிக்காவின் பிரவுன் அண்ட் வில்லியம்சன் நிறுவன வழக்கறிஞர் 1963-இலேயே உள்குறிப்பில் எழுதிவிட்டார். 1994-இல் ஏழு நிறுவனத் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சத்தியம் செய்து, அது அடிமைப்படுத்தாது என்றார்கள். அடிமைத்தனம் நீடிக்கும்படி நிகோட்டின் அளவைத் திட்டமிட்டே வைத்தார்கள் என்று 2006-இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பளித்தார்.

பெட்டிக்கடைக்காரர் மீது எனக்குக் கோபமில்லை. தெரிந்தே அளவை வடிவமைத்தவர்கள் செய்தது சுரண்டல்தான், சந்தேகமே இல்லை.

புகையை விட்டால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் ஏற்பிகள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பிவிடும். அதுவரை தாக்குப்பிடிக்க நிகோட்டின் சூயிங்கம் உதவும். சிகரெட் வரியில் ஒரு பங்கை ஒதுக்கி, எல்லா அரசு மருத்துவமனைகளிலும் அதை இலவசமாகவே கொடுக்க வேண்டும். விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.