ஆபரேஷன் தியேட்டருக்குள்ள ஒரு கங்கண கிரகணம்

போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தாரு, "அண்ணா, எங்க ஊர் கவர்மென்ட் ஆஸ்பத்திரில தியேட்டர புதுப்பிக்கிறாங்க, சீலிங்ல தொங்குற லைட்டுக்கே லட்சக்கணக்குல எஸ்டிமேட், நாலு எல்இடி ஃப்ளட்லைட் வாங்கி மாட்டினா ஆகாதா?"ன்னு. நல்ல கேள்வி.

முதல்ல அளவு. ஆபீஸ் மேஜைக்கு 500 லக்ஸ் (வெளிச்சத்த அளக்கற அலகு) இருந்தா தாராளம். ஆபரேஷன் லைட்டுக்கு சர்வதேச தரம் கேக்கறது நடு மையத்துல 40,000 முதல் 1,60,000 லக்ஸ் வரை. உச்சி வெயிலே சுமாரா 1 லட்சம்தான். இவ்ளோ வெளிச்சத்த ஃப்ளட்லைட்டும் கொடுத்துரும், ஆனா டாக்டர் குனிஞ்ச உடனே அவரு தலை நிழலே காயத்துல விழும். ராத்திரி அடுப்படில முதுகுக்குப் பின்னாடி பல்பு எரிஞ்சா வெங்காயம் நறுக்கற பலகை மேல நம்ம நிழலே விழுந்து கத்தி எங்க இருக்குன்னு தெரியாம தடுமாறுவோம்ல, அதே கதைதான்.

இந்த நிழல எப்படி விரட்டறாங்கங்கறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 2019 டிசம்பர் 26 காலைல கோயம்புத்தூர், திண்டுக்கல், கரூர் பக்கமெல்லாம் கங்கண சூரிய கிரகணம் தெரிஞ்சுது, ஞாபகம் இருக்கா? சூரியன்ல 90 சதவீதத்துக்கு மேல மறைஞ்சும் ஊர் இருட்டாகல, வெயில் மங்கி ஒரு மாதிரி வெளிறிப் போச்சு, அவ்ளோதான். காரணம், நிலா அன்னைக்கு சூரியன விட கொஞ்சம் சின்னதா தெரிஞ்சுது, சுத்தி ஒரு வளையம் மிச்சம் இருந்துச்சு. (அன்னைக்கு கர்ப்பிணிப் பொண்ணுங்கள ரூமுக்குள்ள பூட்டி சாப்பாடு தண்ணி இல்லாம உக்கார வச்ச வீடுங்கள நெனச்சா இன்னைக்கும் மனசு ஆறல. நிழலால வயித்துப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, பட்டினி போட்டாதான் ஆகும்.)

இப்ப காயத்துக்குள்ள நம்ம கண்ண வச்சு மேல பாக்கறதா கற்பனை பண்ணுங்க. லைட்டுதான் சூரியன், டாக்டர் தலைதான் நிலா. லைட் 60 செ.மீ அகலம், 1 மீட்டர் உயரத்துல தொங்குது, தலை 20 செ.மீ அகலம், காயத்துலேர்ந்து அரை மீட்டர் மேல இருக்குன்னு வைங்க. அங்கேர்ந்து பாத்தா தலை லைட்டு மேல 40 செ.மீ வட்டத்த மறைக்கும். பரப்பளவு கணக்கு போட்டா நாநாலு பதினாறு, ஆறாறு முப்பத்தாறு, முப்பத்தாறுல பதினாறு, பாதிக்கும் கீழதான் மறையுது. மிச்ச விளக்கு சுத்தி வளையமா எட்டிப் பாக்குது, காயம் கொஞ்சம் மங்குமே தவிர இருட்டாகாது. கங்கண கிரகணம்!

இன்னும் நல்லா பாக்கணும்னு டாக்டர் 30 செ.மீக்கு குனிஞ்சா? மறையற வட்டம் 67 செ.மீ, லைட்ட விடப் பெருசு, முழு கிரகணம் ஆயிரும். அதனாலதான் தியேட்டர்ல பெரும்பாலும் ரெண்டு டோம் (வட்டமான லைட் தலை) இருக்கும், ஒண்ணுக்கு கிரகணம் புடிச்சாலும் இன்னொண்ணு சாய்வா பக்கத்துலேர்ந்து வெளிச்சம் அனுப்பும். லைட்ட டெஸ்ட் பண்றப்பவும் தலைக்குப் பதிலா ஒரு வட்டத்தட்ட, அப்பறம் ரெண்டு தட்ட குறுக்க வச்சு எத்தன சதவீதம் வெளிச்சம் மிஞ்சுதுன்னு அளக்கறாங்க, ஆழமான காயத்துக்கு ஒரு குழாய வச்சு அதோட அடில அளக்கறாங்க.

அடுத்து சிவப்பு. சாதாரண வெள்ளை எல்இடி நீல சிப் மேல பாஸ்பர்ங்கற மஞ்சளா ஒளிர்ற பொடி பூசினது, ஆழ்ந்த சிவப்பு அதுல ரொம்ப கம்மி. வயித்தத் தொறந்தா உள்ள எல்லாமே சிவப்போட சாயல்கள்தான், தமனி ரத்தம், சிரை ரத்தம், தசை, எல்லாத்தையும் பிரிச்சுக் காட்ட தனியா சிவப்பு சேத்த எல்இடி வேணும். சூடு விஷயத்துல எல்இடிக்கு நான் கை தட்டுவேன். பழைய ஹாலஜன் அகச்சிவப்ப அள்ளிக் கொட்டி தெறந்திருக்கற திசுவ உலத்தும், டாக்டர் பின்கழுத்தையும் சுடும், எல்இடி சூடு பின்பக்கம் ஹீட்சிங்க் (சூட்ட வெளியேத்தற உலோகத் துண்டு) வழியா போயிரும்.

லைட் கண்ணுக்குத் தெரியற செலவு. சுவத்துக்குள்ள காப்பர் பைப்ல ஓடற ஆக்சிஜன், நைட்ரஸ் ஆக்சைடு (மயக்கத்துக்குக் கொடுக்கற வாயு), ஏர், ரத்தம் சளி உறிஞ்சற சக்‌ஷன், இதுங்களுக்கு ஆகற செலவு கண்ணுக்கே தெரியாது. நைட்ரஸுக்கும் ஆக்சிஜனுக்கும் நிறமே கிடையாது, மாத்திக் கொடுத்தா சில நிமிஷத்துல மூளை போயிரும். அதுக்குத்தான் பூட்டு சாவி ஏற்பாடு. மயக்க மருந்து மெஷின்ல சின்ன சிலிண்டர் மாட்டற இடத்துல ரெண்டு பின் நீட்டிட்டு இருக்கும், ஆக்சிஜனுக்கு 2, 5ன்னு இடம், நைட்ரஸுக்கு 3, 5. சிலிண்டர் வால்வுல அதே இடத்துல ஓட்டை இருந்தாதான் உள்ள ஒக்காரும். யாராவது லீக் ஆகுதுன்னு வாஷர் மேல இன்னொரு வாஷர் போட்டா பின் உள்ள இறங்காமலே சிலிண்டர் மாட்டிக்கும், மொத்த பாதுகாப்பும் அந்த ரப்பர் துண்டுல போயிரும்.

சுவத்து அவுட்லெட்லயும் கேஸுக்கு கேஸ் அளவு வேற. ஆனா சுவத்துக்குப் பின்னாடி எல்லாமே ஒரே மாதிரி காப்பர் பைப். சிட்னில பேங்க்ஸ்டவுன்-லிட்கம் ஆஸ்பத்திரில 2016ல இதுதான் நடந்துச்சு. 8ஆம் நம்பர் தியேட்டர்ல ஆக்சிஜன் அவுட்லெட் சரியான அவுட்லெட்தான், பின்னாடி பைப்ப நைட்ரஸ் லைன்ல இணைச்சிருந்தாங்க, ஒழுங்கா டெஸ்ட் பண்ணல. பொறந்த ரெண்டு குழந்தைங்களுக்கு நைட்ரஸ் போச்சு. ஒண்ணு செத்துப் போச்சு, இன்னொண்ணுக்கு மூளை பாதிப்பு.

புது தியேட்டர்ல பூஜை போடறத நான் தடுக்க மாட்டேன், ஆனா ஆக்சிஜன் பாயின்ட் இருக்கற ரூம்ல கற்பூரமும் விளக்கும் ஏத்தாதீங்க, ஆக்சிஜன் கசிஞ்ச இடத்துல சின்ன நெருப்பும் பத்திக்கிட்டுப் பரவும். லைட்டுக்கும் பென்டன்ட்டுக்கும் (சீலிங்லேர்ந்து தொங்கற கேஸ், கரன்ட் பாயின்ட் கை) பணம் ஒதுக்கறவங்க வருஷா வருஷம் கேஸ் லைன் டெஸ்ட் பண்றதுக்கும் தனியா ஒதுக்கணும், டெண்டர்லயே எழுதணும்னு நான் எங்க போனாலும் சொல்லிட்டே இருக்கேன்.

தம்பி, உங்க ஊர் தியேட்டர் தெறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளுங்க. மத்த லைன் எல்லாத்தையும் மூடிட்டு ஒரு நேரத்துல ஒரே கேஸ மட்டும் திறந்து, ஒவ்வொரு அவுட்லெட்லயும் ஆக்சிஜன் மீட்டர் வச்சுப் பாத்தாங்களா, எழுதி கையெழுத்து போட்டாங்களா? நைட்ரஸ் அவுட்லெட்ல மீட்டர் 0 காட்டணும், ஏர்ல 21, ஆக்சிஜன்ல லிக்விட் டேங்க்னா 99க்கு மேல, பிஎஸ்ஏ பிளான்ட்னா (காத்துலேர்ந்து ஆக்சிஜன பிரிச்செடுக்கற மெஷின்) 93ஐ ஒட்டி.