ஓட்டையை அடைக்கும் முன் உள்ளே பாருங்கள்

அணில் தொல்லை என்று என்னை அழைக்கும் பலர், நான் போய்ச் சேர்வதற்குள் கூரை ஓட்டையை அடைத்துவிட்டிருப்பார்கள். கண்ணில் பட்ட வழியை மூடத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் இந்தத் தொழிலில் என்னை மிகவும் வருத்துவதும் அதுதான். உள்ளே குட்டிகள் இருந்தால், இரைதேடிப் போன தாய் திரும்பிவந்து பலகையைக் கடித்துப் புது வழி உண்டாக்கும். முடியாமல் போனால் குட்டிகள் பட்டினியில் சாகும். நாற்றம் வந்த பிறகே வீட்டாருக்குத் தெரியும்.

பிறந்த குட்டிக்குக் கண் திறந்திருக்காது. உடம்பில் முடியும் இருக்காது. கூட்டைவிட்டு வெளியேற இரண்டு, இரண்டரை மாதம் ஆகலாம். பரணில் கீச்சுக்குரல் கேட்டால் அதுவரை தயவுசெய்து பொறுங்கள். பிறகு செய்தித்தாளைக் கசக்கி ஓட்டையில் தளர்வாகச் செருகிவையுங்கள். மழையில்லாத இரண்டு மூன்று நாட்கள் அது கலையாமல் இருந்தால் உள்ளே அணில் இல்லை என்று கொள்ளலாம். டார்ச் அடித்து ஒருமுறை பார்த்துவிட்டு அடையுங்கள்.

நுரை, பிளாஸ்டிக், மரத்துண்டு எதுவும் தாங்காது. அணிலின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை. அவற்றைத் தேய்க்க அது எதையாவது கடித்தே ஆகவேண்டும். மின்கம்பியின் உறையையும் விட்டுவைக்காது, அதனால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அரை அங்குலக் கண்ணுள்ள, துத்தநாகம் பூசிய கம்பிவலையைத் திருகாணி போட்டு இறுக்குங்கள். கூரையைத் தொடும் கிளைகளை 3 மீட்டர் தள்ளி வெட்டிவிடுங்கள்.

தோட்டத்தில் விதைத்த பாத்திக்கும் அதே கம்பிவலைதான். தொய்ந்த நைலான் வலை வேண்டாம். பாம்பும் பறவையும் அதில் சிக்கிச் சாகின்றன. பறவைகளுக்கு வைக்கும் தானியத்தை அணில் தின்கிறதென்றால், அதில் மிளகாய்த்தூள் கலக்கலாம். அதன் காரம் அணிலுக்கு உறைக்கும், பறவைகளுக்கு உறைக்காது. மழை பெய்தால் மறுபடி கலக்கவேண்டும்.

விஷம் கேட்பவர்களுக்கு நான் வைத்துத் தருவதில்லை. தின்ற அணில் கைக்கெட்டாத இடத்தில் செத்துக் கிடக்கும். அதைத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் அந்த நஞ்சு போய்ச்சேரும். பிடித்துத் தொலைவில் விடுவதாலும் பயனில்லை. வழி திறந்திருக்கும்வரை, காலியான இடத்துக்கு அடுத்த அணில் வந்துகொண்டேதான் இருக்கும்.