ஆமை சாப்பிடவில்லையா? முதலில் சூட்டைப் பாருங்கள்

போன ஜனவரியில் ஒரு காலை. தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பாட்டியும் பேரனும் செருப்பு டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரியில் இருக்கும் என் கால்நடை கிளினிக்குக்கு வந்தார்கள். டப்பாவுக்குள் பழைய துண்டு. துண்டுக்குள் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக சுல்காட்டா என்கிற ஆப்பிரிக்க நில ஆமையின் குஞ்சு ஒன்று.

"ஏம்மா, வாங்கியாந்து பதினோரு நாளாச்சு. தக்காளி வெச்சோம், களி வெச்சோம், சோறு பெசஞ்சு வெச்சோம். வாயே தொறக்கல" என்றார் பாட்டி. பையன் எதுவும் பேசவில்லை. டப்பா மூடியைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

குஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். சில்லென்று இருந்தது. வீட்டில் விளக்கு ஏதாவது போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். "ராத்திரி பகல் எரியுது மேடம்" என்று பையன் செல்போனில் படம் காட்டினான். 9 வாட் எல்.இ.டி. பல்பு. வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எல்.இ.டி. பல்பில் ஆமைக்குப் போதுமான சூடு வராது. ஜனவரி மாதத்தில், அந்த ஊரில், சிமெண்ட் தரையில், அந்தக் குஞ்சு பதினோரு நாளும் குளிரில்தான் கிடந்திருக்கிறது.

அன்று நான் ஊசி போடவில்லை. அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை அதன் தாடைக்குக் கீழே நிற்கிற அளவு ஊற்றி, குஞ்சை இறக்கிவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்துத் தலையை நீட்டி, தொண்டை ஏறி இறங்கத் தண்ணீர் குடித்தது. அப்புறம் சிறுநீரோடு வெள்ளையாகக் கொஞ்சம் போனது. ஆமைக்கு அப்படி வெள்ளையாகப் போவது இயல்புதான். ஆனால் அது பசை மாதிரி இருக்க வேண்டும். இதற்கு மணல் மாதிரி நறநறவென்று இருந்தது. உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று அர்த்தம்.

ஆமை சாப்பிடவில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் தீனியைப் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். எந்தக் கீரை கொடுக்கலாம், பசி எடுக்க டானிக் உண்டா என்று. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது இருக்கிற இடம் எத்தனை டிகிரி?

நமக்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் உடம்பு தானே சூட்டை உண்டாக்கிக்கொள்கிறது. ஆமையால் அது முடியாது. வெளியிலிருந்து கிடைக்கிற சூடுதான் அதன் உடம்புச் சூடு. அந்தச் சூடு இருந்தால்தான் குடல் அசையும், தின்றது செரிக்கும், நோயை எதிர்க்கிற சக்தியும் வேலை செய்யும். குளிர்ந்து கிடக்கிற ஆமையின் வாயைத் திறந்து தீனி திணித்தால் அது செரிக்காமல் உள்ளேயே கிடந்து அழுகும். அதனால் குளிர்ந்த ஆமைக்கு வலுக்கட்டாயமாக ஊட்டவே கூடாது. முதலில் சூடு, அடுத்து தண்ணீர், அதற்கு அப்புறம்தான் தீனி.

கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தருமபுரியில் ஏப்ரல், மே வெயில் மண்டையைப் பிளக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டை மேட்டுநிலத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15 டிகிரி வரை இறங்கிவிடும். நடுவில் சில மணி நேரப் பயணம்தான், ஆனால் ஆமைக்கு அவை வேறு வேறு உலகம். 'நம்ம ஊர் வெயில் ஊர்தானே' என்று மாவட்டத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது இருக்கிற பெட்டிக்குள், அதன் முதுகு உயரத்தில், என்ன சூடு இருக்கிறது என்று அளந்து பாருங்கள். கம்பி நீட்டிய சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் மீன்தொட்டிக் கடைகளிலேயே கிடைக்கும். இரண்டாக வாங்குங்கள்: ஒன்று சூடான மூலைக்கு, ஒன்று எதிர் மூலைக்கு.

சுல்காட்டா சஹாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பைச் சேர்ந்த ஆமை. பல்புக்கு நேர் கீழே அதற்கு 35 முதல் 38 டிகிரி வேண்டும். எதிர் மூலை 27, 28 அளவில் இருந்தால் போதும். குஞ்சாக இருக்கிற வரை இரவிலும் 25-க்குக் கீழே விடாதீர்கள். சில ஆமைகள் குளிர்காலம் முழுக்க உறங்கிக் கழிக்கும் என்று படித்துவிட்டு, 'இதுவும் தூங்குகிறது போல' என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சுல்காட்டாவுக்கு அந்த வழக்கமே கிடையாது. குளிரில் அசையாமல் கிடந்தால் அது தூக்கம் அல்ல, ஆபத்து.

கோழிக்குஞ்சுக்குப் புரூடர், அதாவது பல்பு போட்ட சூட்டுப்பெட்டி, வைத்த அனுபவம் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. எல்.இ.டி. அல்ல, அதே பழைய குண்டு பல்பு, அதே தத்துவம். பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் 60 வாட் பல்பைத் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரைப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். நடுவில் தொங்கவிட்டால் ஒதுங்க இடம் இருக்காது. சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் தானே போய்வந்துதான் ஆமை தன் உடம்பைச் சரிசெய்துகொள்ளும். இரவில் வெளிச்சம் வேண்டாம், அதற்கும் இருட்டு தேவை. வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தருகிற செராமிக் ஹீட்டர் கிடைக்கிறது. கரண்ட் போகிற நாட்களில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

தரைக்கு டைல்ஸும் வேண்டாம், செய்தித்தாளும் வேண்டாம். காவேரிப்பட்டணம் பக்கம் தென்னைக்குப் பஞ்சமில்லை. தேங்காய் நார்த்தூளை லேசாக ஈரப்படுத்திப் பரப்புங்கள். பாலைவன ஆமைதானே என்று காய்ந்த இடத்தில் வளர்க்கிற குஞ்சுகளுக்குத்தான் ஓடு மேடு மேடாகப் புடைத்துக்கொண்டு வருகிறது. காட்டில் அவை பகலின் பெரும்பகுதி ஈரப்பதமுள்ள வளைக்குள்தான் இருக்கும்.

சூட்டைப் போலவே வெயிலும் வேண்டும். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும், அது இருந்தால்தான் கால்சியம் உடம்பில் சேரும். இல்லாவிட்டால் ஓடு அட்டை மாதிரி மெத்தென்று ஆகிவிடும். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயில் கணக்கில் சேராது, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை இளம் வெயிலில் அரை மணி நேரம் வெளியே விடுங்கள், பக்கத்திலேயே நிழலும் இருக்கட்டும், காக்காய்க்கும் நாய்க்கும் எட்டாதபடி நீங்களும் இருங்கள். கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைப்பது மட்டும் கூடவே கூடாது. பத்து நிமிடத்தில் உள்ளே அடுப்பாகிவிடும். போன மே மாதம் தருமபுரியிலிருந்து ஒருவர் அப்படி வைத்து, வாயில் நுரை தள்ளத் தள்ளக் கொண்டுவந்தார். காப்பாற்ற முடியவில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார்.

இனி தீனி. தமிழில் ஒரே 'ஆமை' என்கிற சொல்லில் நிலத்தில் வாழ்வதையும் தண்ணீரில் வாழ்வதையும் சொல்லிவிடுகிறோம். அதனால் நில ஆமையைத் தொட்டித் தண்ணீரில் போட்டு மூழ்கடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், நீர் ஆமையை அட்டைப்பெட்டியில் வைத்துக் கீரை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். காலைப் பாருங்கள். யானைக்கால் மாதிரி தூணாக இருந்தால் நில ஆமை. விரல்களுக்கு இடையே வாத்துக்கு இருப்பது போலச் சவ்வு இருந்தால் நீர் ஆமை. மீன்தொட்டிக் கடைகளில் பச்சையாக, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டோடு விற்பது நீர் ஆமை. அதற்கு 26 டிகிரி அளவில் தண்ணீரும், ஏறிக் காய ஒரு மேடும், மேட்டுக்கு மேலே பல்பும் வேண்டும். தண்ணீருக்குள் இருந்தால்தான் அதனால் விழுங்கவே முடியும். காய்ந்த இறாலை மட்டுமே மாதக்கணக்கில் போட்டு, வைட்டமின் ஏ குறைந்து, இரண்டு கண்ணும் வீங்கி மூடிப்போய் வருகிற குஞ்சுகளை நிறையப் பார்க்கிறேன். ஆமைக்கென்றே விற்கிற குருணைத் தீனி, சின்ன மீன், பாசி, கீரை என்று மாற்றிக் கொடுங்கள். வளர வளர இலைதழை கூடட்டும்.

சுல்காட்டாவுக்கு வருவோம். அது புல் தின்கிற பிராணி, மாடு மாதிரி. தீனியில் பத்தில் எட்டுப் பங்கு புல்லாக இருந்தால் நல்லது. அருகம்புல்லைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். முருங்கை இலை, கல்யாண முருங்கை, செம்பருத்தி இலையும் பூவும் சேர்க்கலாம். வேலியோரச் சப்பாத்திக் கள்ளியை முள் நீக்கி நறுக்கிக் கொடுத்தால் நீரும் கால்சியமும் சேர்ந்தே கிடைக்கும். அப்புறம் மல்பெரி இலை. பட்டுப்புழுவுக்காக நம் இரண்டு மாவட்டத்திலும் தோட்டம் தோட்டமாக இருக்கிறது, ஆமைக்கு இதைவிட நல்ல இலை தேடினாலும் கிடைப்பது கஷ்டம். மருந்து அடிக்காததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இதே காரணத்தால் ஓசூர் ரோஜா இதழ் வேண்டாம், அதில் பூச்சிமருந்து இல்லாமல் இருக்காது. அரளியும் உண்ணிச்செடியும் விஷம், கிட்டவே விடாதீர்கள்.

பாலக்கோட்டுத் தக்காளியும் கிருஷ்ணகிரி மாம்பழமும் நம் பெருமைதான். சந்தையில் விலை விழுந்தால் வாளி வாளியாக வீட்டில் இருக்கும், ஆமைக்கும் போகும். இந்த ஆமையின் குடலில் புல்லைப் புளிக்கவைக்கிற நுண்ணுயிர்கள் இருக்கின்றன. பழத்தின் சர்க்கரை அவற்றைக் குலைத்துவிடும், வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கும். மாம்பழ சீசனில் எனக்கு இப்படி வருகிற ஆமைகள் அதிகம். களி, சோறு, ரொட்டி, பால், நாய் பிஸ்கட் எதுவும் வேண்டாம். பாலக் கீரையில் இருக்கிற ஆக்சலேட் என்கிற உப்பு கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் தினமும் கொடுக்காதீர்கள். நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள், கணவாய் மீனின் ஓடுதான் அது. ஒரு துண்டைப் பெட்டியில் போட்டுவைத்தால் தேவைப்படும்போது தானே கொறித்துக்கொள்ளும்.

குஞ்சை வாங்கி வந்த முதல் வாரம் சும்மா விடுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு கவிழ்த்த மண்சட்டி, தினமும் பதினைந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீர், காலையில் கொஞ்சம் இலை. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்துவையுங்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமை நன்றாக இருந்தாலும் அதன் உடம்பில், மனிதருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தருகிற சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்காவில் ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975-இல் தடை போட்டார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருக்கிற வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஆடு மாடு இருக்கிற வீடுகளில் பூச்சிமருந்தாக ஐவர்மெக்டின் இருக்கும். ஆமைக்கும் ஒரு சொட்டு கொடுப்போம் என்று தோன்றலாம். கொடுத்துவிடாதீர்கள். மாட்டுக்கு நன்மை செய்கிற அந்த மருந்து ஆமையைக் கொன்றுவிடும். குடற்புழு இருக்கிறதா என்று ஆமையின் சாணத்தைக் கொண்டுவந்தால் பார்த்துச் சொல்லிவிடலாம்.

'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று சொன்ன அதே ஊரில் இப்போது வாஸ்துவுக்காக ஆமை வாங்குகிறார்கள். வாங்குவதற்கு முன் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டு நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அது, அதிகப் பாதுகாப்பு தருகிற முதல் அட்டவணையில் இருக்கிறது. மழைக்காலத்தில் கொல்லையில் ஊர்ந்து வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். சுல்காட்டா மாதிரி வெளிநாட்டு இனங்களை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அது 40 கிலோவுக்கு மேல் வளரும், உங்கள் பேரன் காலத்திலும் உயிரோடு இருக்கும். வளர்க்க முடியவில்லை என்று எந்த ஆமையையும் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையிலோ ஒகேனக்கலிலோ விட்டுவிடாதீர்கள். சிவப்புக் கோட்டு நீர் ஆமை நம் ஆற்று ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடுங்கிக்கொள்ளும்.

அந்தப் பையன் நான் சொன்ன மாதிரியே பல்பை மாற்றி, காலை மாலை டிகிரியை நோட்டில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தான். நான்காம் நாள் குஞ்சு மல்பெரி இலையின் ஓரத்தைக் கடித்தது.

மூக்கில் குமிழி வந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, நீர் ஆமை ஒருபக்கமாகச் சாய்ந்து நீந்தினாலோ காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கிளம்புங்கள். அட்டைப்பெட்டியில் துணி விரித்து, வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு பக்கமாக வைத்து, மூடியில் காற்றுக்கு ஓட்டை போட்டுக் கொண்டுவாருங்கள். நீர் ஆமையையும் தண்ணீரில் வைக்காமல் ஈரத்துணியில்தான் கொண்டுவர வேண்டும். பைக்கில் வருவதாக இருந்தால் பெட்டியை முன்னால் காற்றில் வைக்காதீர்கள், பின்னால் உட்காருபவர் மடியில் இருக்கட்டும். வீட்டில் அது இருக்கிற இடத்தின் படம், எரிகிற பல்பின் படம், தெர்மாமீட்டர் காட்டுகிற எண் ஆகிய மூன்றும் செல்போனில் இருந்தால் எனக்குப் பாதி நேரம் மிச்சம்.