சிறுபான்மை அரசா, பெரும்பான்மையற்ற அவையா?

'மைனாரிட்டி திமுக அரசு' என்ற சொற்றொடர் 2006 முதல் 2011 வரை ஜெயலலிதாவின் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்தது. 234 பேர் கொண்ட சட்டப்பேரவையில் திமுகவுக்கு 96 இடங்கள்தான். பெரும்பான்மைக்கு 118 வேண்டும். 34 இடங்கள் வென்ற காங்கிரஸ், அமைச்சரவையில் சேராமல் வெளியிலிருந்து ஆதரவு தந்தது. அரசு ஐந்தாண்டும் நீடித்தது. ஆனால் 'மைனாரிட்டி' என்ற சொல் நம் காதில் ஒரு வசையாகவே தங்கிவிட்டது. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத அவையையும் (ஆங்கிலத்தில் minority parliament, hung parliament), அதில் அமையும் அரசையும் (minority government) தமிழில் எப்படிச் சொல்லலாம்?

தமிழில் இதற்கு இணையான 'சிறுபான்மை'க்கு அந்தக் கறை இல்லை. 'பால்' என்றால் பகுதி. அறத்துப்பால், ஆண்பால் என்கிறோமே, அதே பால்தான். அதனோடு 'மை' சேர்ந்தால் பான்மை. பழைய இலக்கண உரையாசிரியர்கள் பெரும்பான்மையாக வரும் வழக்கைச் சொல்லிவிட்டு, சிறுபான்மை இப்படியும் வரும் என்று எழுதுவார்கள். குறைவாக வருகிறது என்றுதான் அதற்குப் பொருள், தவறு என்று அல்ல. தவறுக்கு 'வழு' என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேறுபாடு இது.

சரி, 'சிறுபான்மை அரசு' என்றே எழுதிவிடலாமா? மத, மொழிச் சிறுபான்மையினரின் அரசு என்று மயங்க இடமிருக்கிறது. 'சிறுபான்மை நாடாளுமன்றம்' இன்னும் பொருந்தாது. கட்சிதான் சிறுபான்மையாக இருக்க முடியும், அவை எப்படி இருக்கும்? 'தொங்கு நாடாளுமன்றம்' ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. ஒருமித்த முடிவுக்கு வர முடியாத ஜூரியையும் ஆங்கிலத்தில் இப்படித்தான் சொல்வார்கள். தேர்தல் முடிவு வந்த இரவுக்கு அது பொருந்தும். அப்புறம் அந்த அவை ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும்போதும் 'தொங்குகிறது' என்பது சரியில்லை.

கனடாவைப் பாருங்கள். லெஸ்டர் பியர்சன் 1963 முதல் 1968 வரை பிரதமராக இருந்தார். ஒருநாளும் அவர் கட்சிக்குப் பெரும்பான்மை கிடையாது. 1965 தேர்தலில்கூட 265 இடங்களில் 131தான், இரண்டு இடம் குறைவு. புதிய தேசியக் கொடிக்காக 1964இல் மாதக்கணக்கில் சண்டை. எதிர்க்கட்சித் தலைவர் ஜான் டீஃபன்பேக்கர் விடவே இல்லை. கடைசியில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகலாம் என்று அரசுக்கு வழி சொன்னவர், டீஃபன்பேக்கரின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த கியூபெக் உறுப்பினர் லியோன் பால்சேர். 163க்கு 78 என்ற வாக்கில் மேப்பிள் இலைக் கொடி நிறைவேறியது. 1966இல் பொது மருத்துவக் காப்பீட்டு மசோதாவை எதிர்த்தவர்கள் இரண்டே பேர், ஆதரித்தவர்கள் 177.

இத்தனை நடந்த அவைக்கு 'பெரும்பான்மையற்ற நாடாளுமன்றம்' என்பதே பொருத்தம். சொல் கொஞ்சம் நீளம்தான். ஆனால் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை என்ற ஒரே செய்தியைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறது. அரசைக் குறிக்கவும் 'பெரும்பான்மையற்ற அரசு' என்று எழுதலாம்.

'வெளியிலிருந்து ஆதரவு' என்ற நம் வழக்கை மாற்ற வேண்டியதில்லை. 2022 மார்ச்சில் கனடாவின் லிபரல் அரசுடன் புதிய ஜனநாயகக் கட்சி (NDP) செய்துகொண்ட உடன்பாட்டை அந்தச் சொல்லாலேயே குறிக்கலாம். அந்தக் கட்சி அமைச்சர் பதவி கேட்கவில்லை. பல் மருத்துவத் திட்டம் கேட்டது. 2024 செப்டம்பரில் உடன்பாட்டை முறித்துக்கொண்டது.