திரையிடல் அன்று, சலித்தாய்வு

விமான நிலையத்தில் பயணிகளின் பொதிகளைக் கொண்டுசெல்லும் பட்டைகளையும் இயந்திரங்களையும் பராமரிக்கும் பணியாளர்களுக்கென்று தமிழில் ஆக்கப்பட்ட கையேடு ஒன்று, சரிபார்ப்பதற்காக அண்மையில் என்னிடம் வந்தது. அதன் தொடக்கப் பக்கங்களிலேயே ‘பைகள் திரையிடப்பட்ட பின்னரே விமானத்துக்குச் செல்லும்’ என்றொரு வாக்கியம் இருந்தது. ஸ்கிரீனிங் என்பதற்குத் ‘திரையிடல்’ என்று எழுதுவதைச் செய்திகளிலும் மருத்துவமனை அறிவிப்புகளிலும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஆனால் ஓடும் பட்டையின் அருகே நின்று வேலை செய்பவரின் கையில் கொடுக்கும் ஏட்டில் அச்சொல்லை விட்டுவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆங்கிலத்தில் ஸ்கிரீன் என்பது 14-ஆம் நூற்றாண்டில் கணப்பு நெருப்பின் வெம்மையைத் தடுக்க வைத்த மறைப்பைக் குறித்தது; பழைய பிரெஞ்சின் வழியே வந்த சொல். 16-ஆம் நூற்றாண்டில் அதற்குச் சல்லடை என்னும் பொருளும் சேர்ந்தது. மணலையும் நிலக்கரியையும் சலிக்கச் சாய்த்து நிறுத்திய பெரிய சல்லடைக்கு அப்பெயர். திரைப்படத்தைக் காட்டுதல் என்பது 20-ஆம் நூற்றாண்டில் வந்த பொருள். ஆளையோ பொருளையோ ஆராய்ந்து தகுதியானதைப் பிரித்தெடுத்தல் என்ற பொருளும் அந்த நூற்றாண்டில்தான் பரவியது. ஆங்கிலத்தில் ஒரே சொல் மறைக்கவும், காட்டவும், சலிக்கவும் செய்கிறது. தமிழில் சலித்தலுக்குத் தனிச்சொல் உண்டு என்பதை மறந்து, முதற்பொருளுக்குரிய சொல்லை மூன்றாம் பொருளின் தலையில் ஏற்றியதே பிழையின் வேர்.

திரையிடுதல் என்றால் தமிழில் மறைத்தல். இல்லையென்றால் படம் காட்டுதல். ‘பொதி திரையிடப்பட்டது’ என்னும்போது அதன்மேல் துணி போர்த்தினார்கள் என்றுதான் தமிழறிந்தவர் கொள்ள முடியும். உள்ளே இருப்பதைக் கண்டறிவதற்கான ஒரு செயலுக்கு, உள்ளே இருப்பதை மூடி மறைக்கும் சொல்லைச் சூட்டியிருக்கிறோம். சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள் என்று வாதிடுவோர், அந்தச் சூழலை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். பொதிகளை ஊடுருவிப் பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரத்தின் இரு வாய்களிலும், கதிர் வெளியே கசியாமலிருக்க, ஈயம் கலந்த ரப்பர்ப் பட்டைகள் திரைச்சீலைபோலத் தொங்கும். பணியாளர்கள் அதை ஈயத்திரை என்கிறார்கள். பொதியின் உட்படம் தெரியும் கணினியிலும் ஒரு திரை இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே கையேடு மூன்றாவதாக ஒரு திரையைக் கொண்டுவந்து வைத்தது. ‘திரையிடல் பகுதியில் பொதி சிக்கினால் பட்டையை நிறுத்துக’ என்ற வரியைப் படித்த பயிற்சிப் பணியாளர் ஒருவர், ஈயத்திரையில் சிக்கினால் மட்டும் நிறுத்தினால் போதுமா என்று என்னிடம் கேட்டார். எடை குறைந்த பைகள் அந்தத் திரையில் மோதி நின்றுவிடுவது அடிக்கடி நடப்பதுதான். ஆகவே அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. தவறு அவருடையதன்று, அந்த வரியை எழுதியவருடையது.

இந்த அமைப்பு என்ன செய்கிறது என்பதைப் பார்த்தாலே அதற்குரிய சொல் கிடைத்துவிடும். 1984 ஆகஸ்ட் 2 அன்று மீனம்பாக்கத்தில், ஏர் லங்கா விமானத்துக்கெனப் பதிவான பெட்டிகளில் இருந்த குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டு ஜூன் 23-இல், பயணி ஏறாமல் பெட்டி மட்டும் ஏறிய ஏர் இந்தியா விமானம் அட்லாண்டிக் கடலின் மேல் வெடித்துச் சிதறியது. அதில் 329 பேர் மாண்டனர். 1988 டிசம்பர் 21-இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பியில் விமானம் குண்டால் சிதறியபோது மாண்டவர்கள் 270 பேர். இவற்றின் பின்விளைவாகத்தான் விமானத்தின் அடியறைக்குச் செல்லும் பொதிகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் ஆராய வேண்டும் என்ற விதி உறுதிப்பட்டது. பன்னாட்டு விமானப் பயணங்களுக்கு அது 2006 சனவரி 1 முதல் கட்டாயமானது. ஆனால் மணிக்கு ஆயிரக்கணக்கில் வரும் பொதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க எந்த நிலையத்திலும் ஆளுமில்லை, நேரமுமில்லை. ஆகவே வடிவமைப்பாளர்கள் அடுக்கடுக்காகச் சல்லடை அமைத்தார்கள்.

முதல் அடுக்கில் இயந்திரமே படமெடுத்து, அடர்த்தியைக் கணக்கிட்டு, ஐயமற்ற பொதிகளை விட்டுவிடுகிறது. ஐயத்துக்குரியவற்றின் படம் வேறோர் அறையில் இருக்கும் அலுவலருக்குப் போகிறது. அவர் பார்த்து முடிவெடுக்கும்வரை பொதி பட்டையில் நகர்ந்துகொண்டே இருக்கும். விநாடிக்கு அரை மீட்டர் ஓடும் பட்டையில் அவருக்கு ஒரு நிமிடம் தர வேண்டுமானால், பிரியும் இடம்வரை 30 மீட்டர் நீளம் தேவை. கட்டடத்தின் அளவையே இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது. அவரும் விடுவிக்காத பொதி தனியறைக்குத் திரும்பி, துணியால் துடைக்கப்பட்டு வெடிமருந்துத் துகளுக்காக ஆராயப்படும், தேவையானால் திறக்கப்படும். வழியில் பொதி நழுவி, பொதி கடப்பதைக் கண்டறியும் ஒளியுணரிகளின் கணக்குக்கு மாறான இடத்தில் தென்பட்டால், அமைப்பு அதை எது என்று அறியாத பொதியாகக் கருதி மறுபடி தொடக்கத்துக்கே அனுப்பிவிடும்.

அரிசி மாவு சலிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. நயமான மாவு கீழே இறங்கிவிடும். சல்லடையில் தங்கும் கப்பியை மீண்டும் உரலில் இட்டு இடித்து மீண்டும் சலிப்பார்கள். கொத்தனார் ஆற்றுமணலைச் சாய்ந்த வலையில் வாரி எறிவதும் இதே வேலை. ஆங்கிலச் சொல்லின் இந்தப் பொருளும் அந்தச் சாய்ந்த வலையிலிருந்துதான் வந்தது. அத்துடன், காவலர்கள் ஊரையே ‘சல்லடை போட்டுத் தேடினார்கள்’ என்று நாம் நாள்தோறும் எழுதுகிறோம். பாதுகாப்பு நோக்கில் துருவி ஆராய்வதற்குச் சல்லடையைத் தமிழ் ஏற்கெனவே கைக்கொண்டிருக்கும்போது, மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் திரைக்குப் போனார்கள் என்பது எனக்கு விளங்கவேயில்லை. ஆகவே ஸ்கிரீனிங் என்பதற்குச் ‘சலித்தாய்வு’ என்கிறேன். வினையாகச் ‘சலித்தாய்ந்த பொதி’ என்று இயல்பாக ஆளலாம்.

‘சோதனை’ போதாதா என்று கேட்பார்கள். பயணியிடம் பேசும்போது போதும். வடிவமைப்பு ஏட்டில் போதாது. எல்லாப் பொதிகளையும் செலுத்திச் சிலவற்றை நிறுத்துவது ஒன்று, நிறுத்தியதைத் திறந்து கைவிட்டுப் பார்ப்பது வேறொன்று. பின்னதற்கே சோதனை என்னும் சொல் தேவைப்படுகிறது. ஸ்கேன் என்பதற்கு வழங்கும் ‘வருடல்’ போதும் என்பாரும் உண்டு. அது இயந்திரம் படமெடுக்கும் அந்த ஒரு செயலுக்கு மட்டும் பொருந்தும். அலுவலரின் முடிவும் தனியறை ஆய்வும் அதற்குள் அடங்கா.

சலித்தல் என்றால் மனம் சோர்தல் என்றும் பொருள்படுமே என்பது வலுவான மறுப்புதான். அதற்காகவே ‘சலிப்பாய்வு’ என்று சொல்லாமல் ‘சலித்தாய்வு’ என்றேன். மாவு சலித்தாள் என்றால் அவள் மாவின்மீது வெறுப்புற்றாள் என்று யாரும் கொள்வதில்லை. இலங்கைத் தமிழர் மாவை அரிப்பார்கள், சல்லடையை அரிதட்டு என்பார்கள். அங்கே ‘அரித்தாய்வு’ என்று வழங்கினாலும் எனக்கு மகிழ்ச்சியே.

சொல்லின் வேலையைப் பார்க்காமல் அகராதியின் முதற்பொருளை எடுத்து ஒட்டும் பழக்கம் எவ்வளவு தீங்கானது என்பதற்கு அதே கையேட்டில் இன்னொரு சான்றும் இருந்தது. ஐயம் நீங்கி விடுவிக்கப்பட்ட பொதியை ஆங்கில மூலம் ‘கிளியர்டு’ என்றது. கணினித் திரையில் எழுத்தை நீக்கும் பொருளை எடுத்துக்கொண்டு, தமிழில் ‘அழிக்கப்பட்ட பை’ என்று எழுதியிருந்தார்கள். வெடிபொருள் பற்றிய ஏட்டில் ஒரு பையை அழித்துவிட்டதாகச் சொல்வது சிறிய பிழையன்று. நான் அதைத் ‘தேறிய பொதி’ என்று மாற்றினேன். விடுவிக்கப்படாதது ‘தேறாத பொதி’. இப்போது அந்தப் பக்கத்தின் வரி இப்படி இருக்கிறது: ‘முதல் சலித்தாய்வில் தேறிய பொதி விமானத்துக்குரிய பட்டைக்குச் செல்லும், தேறாத பொதி நேராக அடுத்த அடுக்குக்குச் செல்லும்.’ அன்று ஈயத்திரையைப் பற்றிக் கேட்ட பயிற்சிப் பணியாளர் இதைப் படித்துவிட்டு, தேறாத பொதி எந்தப் பட்டையில் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதைப் பற்றியே அடுத்த கேள்வியைக் கேட்டார்.