வாட்டர் வாஷா, வீட்டு வாளியா: கார் பெயிண்டின் பக்கம் நின்று ஒரு கணக்கு

காரை வாட்டர் வாஷுக்கு விடலாமா, வாசலிலேயே வாளியை வைத்து முடித்துவிடலாமா என்று கேட்டால் சென்னையில் வருகிற பதில் ஒன்று காசைப் பற்றியதாக இருக்கும், இல்லையென்றால் தண்ணீரைப் பற்றியதாக இருக்கும். இரண்டும் நியாயமான கவலைதான். ஆனால் பெயிண்டின் தலையெழுத்தை முடிவு செய்பவை வேறு இரண்டு விஷயங்கள்: துணி படுவதற்கு முன்னால் மண் போயிருந்ததா, கடைசியில் அதன் மேல் காய்ந்த தண்ணீர் எப்படிப்பட்டது. இந்த இரண்டையும் யார் ஒழுங்காகச் செய்கிறார்களோ அங்கே கழுவலாம், அது எந்த இடமாக இருந்தாலும் சரி.

முதலில் பெயிண்ட். இன்றைய கார்களில் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான் வரை, அதாவது ஒரு தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது. அது ஒரு வகை பிளாஸ்டிக். நம் ரோட்டுத் தூசியிலோ குவார்ட்ஸ் துகள்கள் நிறைய. தாதுக்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கிற மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. ஆற்காடு சாலையிலும் ஓஎம்ஆரிலும் மெட்ரோ வேலை நடக்கிற இடங்களில் பறக்கிற தூசியில் எம்-சாண்டும் கலந்திருக்கும், கல்லை உடைத்து எடுத்த மணல் என்பதால் ஆற்று மணல் போல உருண்டையாக இல்லாமல் முனைகள் கூர்மையாகவே இருக்கும். இந்தத் தூசி படிந்த பானட்டின் மேல் காய்ந்த துணியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் துணி துடைக்கவில்லை, உப்புத்தாள் வேலை பார்க்கிறது.

அடுக்குமாடிகளில் காலையில் கார் துடைக்க வருகிற அண்ணன்கள் ஒரே வாளி, ஒரே துணியோடு வரிசையாகப் பத்து வண்டியை முடிப்பார்கள். குறை அவர்கள் மேல் இல்லை, கொடுக்கிற மாதக் காசுக்கு அவ்வளவு நேரம்தான் கிடைக்கும். நீங்களே ஒரு நல்ல மைக்ரோஃபைபர் துணியை வாங்கிக் கொடுத்து, "அண்ணே, நம்ம வண்டிக்கு இதுதான், முதல்ல தண்ணி ஊத்திட்டு அப்புறம் தொடைங்க" என்று சொன்னாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கறுப்பு அல்லது கருநீல வண்டியை மத்தியான வெயிலில் பார்த்தால் சூரியனின் பிரதிபலிப்பைச் சுற்றி வட்ட வட்டமாக, சிலந்தி வலை மாதிரி கீறல்கள் தெரியும். துடைத்தவர் வட்டமாகத் தேய்த்ததால் வந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அது பாதிதான் சரி. கீறல்கள் உண்மையில் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. அவற்றில் எந்தக் கோணத்தில் இருப்பவை ஒளியைத் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகின்றனவோ அவை மட்டும் மினுக்குகின்றன, அப்படி மினுக்குபவை ஒளிப்புள்ளியைச் சுற்றித்தான் அமையும் என்பதால் வட்டமாகத் தெரிகிறது. சந்தேகமாக இருந்தால் இருட்டில் போனின் டார்ச்சை அடித்துக்கொண்டே நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும்.

சரி, கை படாமல் மண்ணை எடுக்க என்ன வழி? வாட்டர் வாஷ் நிலையத்தின் பலம் இங்கேதான். மாடியில் பத்து மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் கீழே குழாயில் கிடைக்கிற அழுத்தம், அதை அளக்கிற 'பார்' என்ற அலகில், ஏறக்குறைய 1 பார். வீட்டுக்கு வாங்குகிற சின்ன பிரஷர் வாஷரே 100 பார் தரும், அந்த அழுத்தத்தில் நாசிலை விட்டு வெளியேறுகிற தண்ணீரின் வேகம் கணக்குப்படி நொடிக்கு சுமார் 140 மீட்டர், மணிக்கு 500 கிலோமீட்டர். வெளியே வந்ததும் காற்றில் மோதிச் சிதறி வேகம் குறைந்துவிடும் என்றாலும், ஒரு அடி தள்ளிப் பிடித்தால் கூட மணலையும் சேற்றையும் பெயர்த்து எறியப் போதுமானது. அதற்கும் கிட்டே கொண்டுபோக வேண்டாம். பெயிண்ட் ஏற்கெனவே உரிந்திருந்தால் ஜெட் அந்த ஓரத்தைப் பிடித்து உரித்துவிடும், டயரின் பக்கச்சுவரில் கிட்டே வைத்து அடித்தால் ரப்பர் பாதிக்கப்படும். விசிறி போல விரிகிற நாசில்தான் காருக்கு. ஊசி போல ஒரே புள்ளியில் அடிப்பது தரையைக் கழுவ.

ஆனால் ஜெட்டாலும் முடியாத ஒன்று உண்டு. ஜெட் அடித்த வண்டி நனைந்திருக்கும்போது பளபளவென்று இருக்கும், காய்ந்த பிறகு விரலால் கோடு போட்டுப் பாருங்கள், ஒரு சாம்பல் படலம் அப்படியே இருக்கும். ஒரு பரப்பின் மேல் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்தப் பரப்பை ஒட்டியிருக்கிற மெல்லிய அடுக்கில் வேகம் ஏறக்குறைய பூஜ்யம்தான். பெரிய மணல் அந்த அடுக்குக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருப்பதால் அடித்துக்கொண்டு போகிறது, சில மைக்ரான் அளவே உள்ள புகைக்கரியும் டயர்த் தூளும் உள்ளேயே பதுங்கிக்கொள்கின்றன. போதாததற்கு, துகள் சிறிதாகச் சிறிதாக அதை இழுத்துப் போகிற விசை அதன் பரப்பளவோடு சேர்ந்து சட்டென்று குறைகிறது, ஒட்டிக்கொண்டிருக்கிற விசையோ விட்டத்துக்குத் தக்கபடி மெதுவாகத்தான் குறைகிறது. பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகளில் ஒட்டும் விசை பத்தில் ஒரு பங்காகும், இழுக்கும் விசை நூறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே கடைசியில் யாராவது தொட்டே ஆகவேண்டும்.

யார் தொடுகிறார்கள், எதைக் கொண்டு தொடுகிறார்கள் என்பதில்தான் வீடு ஜெயிக்கிறது. காசு போட்டுவிட்டு நாமே கழுவிக்கொள்கிற செல்ஃப் சர்வீஸ் நிலையங்களில் நுரை வருகிற நீளமான பிரஷ் ஒன்று தொங்கும். உங்களுக்கு முன்னால் வந்தவர் அதை வைத்து ஜீப்பின் சேற்றைத் தேய்த்திருந்தால் அந்தச் சேறு இப்போது உங்கள் கதவுக்கு வரும். அங்கே போனால் ஜெட்டையும் நுரையையும் பயன்படுத்திக்கொண்டு பிரஷைத் தொடாமல் விடுவதுதான் என் கட்சி. டைமர் வேறு ஓடிக்கொண்டிருக்கும், கை பதறும். நம் ஊர் வாட்டர் வாஷில் பெரும்பாலும் ஆள் நின்று கழுவித் தருகிறார், அங்கே கவனிக்க வேண்டியது ஸ்பாஞ்ச் தரையில் விழுந்ததா, விழுந்ததை அப்படியே எடுத்துத் தேய்த்தாரா என்பது. நுரைக்கு வேலை அழகு காட்டுவது அல்ல. அதிலுள்ள மூலக்கூறுகளின் ஒரு முனை எண்ணெய்ப் பசையையும் மறு முனை தண்ணீரையும் பிடிப்பதால் அழுக்கு பெயிண்டை விட்டுக் கிளம்புகிறது, அப்புறம் துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் வழவழப்பாக ஒரு படலம் நிற்கிறது. கார் ஷாம்பு காரமும் அமிலமும் இல்லாத நடுநிலைக்குக் கிட்டே இருக்கும். துணி துவைக்கிற பவுடர் காரத்தன்மை கூடியது, மெழுகுப் பூச்சு இருந்தால் அதையும் கொண்டுபோய்விடும். பாத்திரம் கழுவுகிற லிக்விடும் மெழுகை விட்டுவைக்காது.

வீட்டில் கழுவும்போது இரண்டு வாளி வையுங்கள் என்று சொல்வதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். தண்ணீரில் 100 மைக்ரான் மணல் துகள் நொடிக்கு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் வேகத்தில் இறங்கும், ஒரு அடி ஆழ வாளியில் முக்கால் நிமிடத்துக்குள் அடியில் போய்ச் சேர்ந்துவிடும். 10 மைக்ரான் துகளுக்கு அதே தூரம் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதாவது ஆழமாகக் கீறுகிற பெரிய துகள் தானாகவே கீழே போய்விடுகிறது, நீங்கள் அடியைக் கலக்காமல் மேல் தண்ணீரில் மட்டும் அலசினால் போதும். மேலிருந்து கீழே கழுவிக்கொண்டு வந்து கதவின் அடிப்பகுதியையும் சக்கரத்தையும் கடைசியில் வேறு துணியால் முடிக்க வேண்டும்.

இனி தண்ணீர். சென்னையில் இதுதான் உண்மையான வில்லன். கடலோரப் பகுதிகளின் போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பது குளிக்கிறவர்களுக்குத் தெரியும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைந்த உப்புகளை ஏற்கத்தக்க அளவு என்கிறது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை. 1000 மில்லிகிராம் உள்ள தண்ணீரில் கழுவி, துடைக்காமல் ஒரு டம்ளர் அளவு தண்ணீர் வண்டி மேலேயே காய்ந்தது என்று வைத்துக்கொள்வோம், 0.2 கிராம் உப்பு பெயிண்டின் மேல் தங்கிவிடும். இதில் குளோரைடு போன்றவை அடுத்த முறை கரைந்து போகும். கால்சியம் பைகார்பனேட் அப்படியில்லை: தண்ணீர் ஆவியாகும்போது கரியமில வாயுவை விட்டுவிட்டு கால்சியம் கார்பனேட்டாக மாறி, பாத்ரூம் ஷவரில் படிகிற அதே வெள்ளைக் காரையாக உட்கார்ந்துகொள்ளும், வெறும் தண்ணீருக்கு மசியாது.

அந்தக் கறை ஏன் திட்டாக இல்லாமல் வளையமாக இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? டபராவின் அடியில் சிந்திய ஃபில்டர் காபி காய்ந்தால் ஓரம் மட்டும் கறுப்பாக வளையம் விடுவதும் இதே கதைதான், 1997இல் சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இதற்குக் காரணம் சொன்னார்கள். துளியின் ஓரம் பரப்பில் ஒட்டிக்கொண்டு நகராமல் இருக்கிறது, அங்கே ஆவியாதல் வேகமாக நடக்கிறது, இழந்த நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டம் வருகிறது, வரும்போது கலந்திருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து ஓரத்தில் கொட்டுகிறது. மே மாத மத்தியானத்தில் பானட் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும், நீங்கள் துணியை எடுத்துவருவதற்குள் வளையம் போட்டு முடித்துவிடும். காலை ஏழு மணிக்கு முன்னாலோ நிழலிலோ கழுவச் சொல்வது இதற்காகத்தான். நிலையத்தில் கழுவினாலும் அங்கே ஓடுவது பெரும்பாலும் போர் தண்ணீர்தான் என்று வைத்துக்கொண்டு, கடைசித் துடைப்பைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஆர்ஓ மெஷின் கழித்துவிடுகிற தண்ணீரை வீணாக்காமல் காருக்கு ஊற்றுங்கள் என்று ஒரு யோசனை எல்லாக் குடும்பத்திலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நல்ல மனசுதான், ஆனால் கணக்கைப் பாருங்கள்: மூன்றில் ஒரு பங்கு குடிநீராகப் பிரிந்தால் மிச்சமுள்ள இரண்டு பங்கில் உப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுகிறது. முதல் அலசலுக்கும் சக்கரத்துக்கும் ஊற்றலாம், கடைசி அலசலுக்குக் கூடாது. கடைசி அலசலுக்கு நம் ஊர் இலவசமாகத் தருகிற ஒன்று இருக்கிறது, ஏசி தண்ணீர். காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்த சுருளில் பட்டு நீராவதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, காய்ச்சி வடித்த நீருக்கு மிக அருகில் வரும். சென்னைப் புழுக்கத்தில் ராத்திரி முழுக்க ஓடுகிற ஏசியின் குழாய்க்கடியில் வாளியை வைத்தால் காலையில் கைக்கு வேண்டியது கிடைத்துவிடும். ஒரு வாளி போதும் கடைசி அலசலுக்கு, மேலே கூரையிலிருந்து மக்கால் மெதுவாக ஊற்றிக்கொண்டு வந்தால் துடைக்க மறந்த இடத்திலும் வளையம் விழாது.

வீட்டில் முடியாத ஒரு விஷயம், வண்டியின் அடிப்பகுதி. பெசன்ட் நகரிலோ ஈசிஆரிலோ நிறுத்துகிற வண்டியில் கடல் உப்பு படிகிறது. உப்பு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும், சென்னை இரவுகளில் அந்த அளவு ஈரப்பதம் சர்வ சாதாரணம். மழையே இல்லாமல் ராத்திரி நனைந்து பகலில் காய்ந்து மறுபடி நனைகிறது தகடு, துரு பிடிக்க இதைவிட வசதி வேண்டுமா? மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஓட்டிவிட்டு வந்த பிறகும் இதே பிரச்சினைதான், சேறு இடுக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டியைத் தூக்கி வைத்து அடியில் ஜெட் அடிக்கிற வசதி வாட்டர் வாஷில்தான் உண்டு, அதற்காகவே போகலாம். கழுவி முடித்ததும் சிலர் "அடியில ஆயில் ஸ்ப்ரே பண்ணிடவா சார்?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சஸ்பென்ஷனில் இருக்கிற ரப்பர் புஷ்கள் எண்ணெயில் ஊறினால் உப்பி இளகிவிடும்.

எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்பது அழுத்தத்தைவிட ஓடுகிற அளவைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 15 லிட்டர் விடுகிற ஹோஸைக் கால் மணி நேரம் திறந்து வைத்தால் 225 லிட்டர். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டும் என்று நம் நாட்டுத் திட்டக் கணக்கு வைக்கிற 135 லிட்டரை அது தாண்டிவிடுகிறது. சின்ன பிரஷர் வாஷர் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர்தான் விடும், பத்து நிமிடத்துக்கு 70. வாளியும் மக்கும் 50இல் முடித்துவிடும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று குடிநீர் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்த ஊர் இது, ஹோஸை விட்டுக் கழுவுவதற்கு என்னிடம் ஆதரவு இல்லை.

அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்பதில் வாசலில் கழுவுகிறவர்களுக்குக் கொஞ்சம் கெட்ட செய்தி. தெருவோர மழைநீர் வடிகாலில் இறங்குகிற தண்ணீர் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோ போய்ச் சேரும். அதில் ஷாம்பு மட்டுமா இருக்கிறது, பிரேக் தூளும் டயர்த் தூளும் எண்ணெயும் கூடவே போகின்றன. கழிவுநீர்க் குழாயில் சேர்ந்தால் கொடுங்கையூர், பெருங்குடி போன்ற நிலையங்களுக்குப் போய்ச் சுத்தமாக ஒரு வாய்ப்பாவது உண்டு. எண்ணெயைப் பிரிக்கிற தொட்டி வைத்திருக்கிற வாட்டர் வாஷ் என்றால் இந்த விஷயத்தில் அது வீட்டை ஜெயித்துவிடும். வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள். அடுக்குமாடியில் பார்க்கிங்கின் தண்ணீர் எந்தச் சேம்பருக்குப் போகிறது என்று பிளம்பரைக் கேட்டால் தெரிந்துவிடும், மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகிறது என்றால் அந்த இடத்தில் ஷாம்பு வேண்டவே வேண்டாம், அது நேரே நிலத்தடிக்கு.

எங்கே கழுவினாலும் முடித்த கையோடு நிறுத்திவிடாமல் தெருவை ஒரு சுற்று ஓட்டி, மெதுவாக இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்துவிட்டு வந்து நிறுத்துங்கள். பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு, ஈரத்தோடு விட்டால் நம் ஊர்க் காற்றில் ஒரே ராத்திரியில் செம்பழுப்பாகத் துரு ஏறிவிடும். காலையில் முதல் பிரேக்கில் கரகரவென்று சத்தம் கேட்டால் பயப்பட ஒன்றுமில்லை, பேட் உரசி அதை எடுத்துவிடும்.